மேரி ஸ்டோப்ஸ்

மேரி ஸ்டோப்ஸ் (அக்டோபர் 15, 1880 – அக்டோபர் 2, 1958) பிரித்தானியத் தொல்தாவரவியல் அறிஞரும் எழுத்தாளரும் ஆவார். பெண்களின் பாலியல் நலனைப் பற்றிப் பொதுமக்களுக்கு வெளிப்படையாக எழுதியவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுகிறார். இவரது முழுப்பெயர் மேரி சார்லட் கார்மைக்கேல் ஸ்டோப்ஸ். 1918 இல் வெளியான இவரது 'மேரிட் லவ்' என்னும் நூல், பாலின்பம் கணவனுக்கு மட்டும் உரியதன்று, மனைவிக்கும் உரியது என்பதை எளிய மொழியில் எடுத்துக் கூறியது. 1921 இல் இலண்டனில் இவர் தொடங்கிய தாய்மார் மருத்துவ நிலையம், பிரித்தானியப் பேரரசின் முதல் கருத்தடை ஆலோசனை நிலையம் எனப்படுகிறது. இனமேம்பாட்டியல் கொள்கையில் இவர் கொண்டிருந்த பற்று கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது.

பிறப்பும் கல்வியும்

மேரி ஸ்டோப்ஸ் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை ஹென்றி ஸ்டோப்ஸ் பியர் வடிப்பாலைகளை வடிவமைக்கும் பொறியாளர். புதைபடிவங்களையும் கற்காலக் கருவிகளையும் சேகரிப்பதில் பேரார்வம் உடையவர். தாய் சார்லட் கார்மைக்கேல் ஸ்டோப்ஸ் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர். பெண்களின் வாக்குரிமைக்காகவும் உயர்கல்விக்காகவும் உழைத்தவர். பிறந்து சில வாரங்களிலேயே குடும்பம் இலண்டன் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே தாயிடம் பாடம் கற்ற மேரி, பின்னர் எடின்பரோவிலும் வடக்கு இலண்டனிலும் பள்ளிக்கல்வி பெற்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, பகலில் அங்கும் மாலையில் பிர்க்பெக் கல்லூரியிலும் பயின்று, 1902 இல் தாவரவியலில் முதல் வகுப்பில் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். நிலவியலும் அப்பட்டத்தில் அடங்கியிருந்தது. அதே ஆண்டில் தந்தை இறந்தார். பின்னர் ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில், சைக்கசு வகைத் தாவரங்களின் சூல்களைப் பற்றி ஆராய்ந்து 1904 இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறையில் விரிவுரையாளராக நியமிக்கப்பட்டார். அத்துறையில் ஆசிரியப் பணி பெற்ற முதல் பெண் இவரே.

அறிவியல் பணிகள்

பாலியல் நூல்களால் புகழ் பெறுவதற்கு முன்பே ஸ்டோப்ஸ் தம் துறையில் மதிக்கப்பட்ட ஆய்வாளராக இருந்தார். நிலக்கரிப் படுகைகளில் காணப்படும் சுண்ணாம்பு உருண்டைகளுக்குள் பழங்காலத் தாவரங்கள் எவ்வாறு பாதுகாக்கப்பட்டன என்பதை ஆராய்ந்தார். 1907 இல் அரச கழகத்தின் நிதியுதவியுடன் ஜப்பான் சென்று ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் தங்கினார். ஹொக்கைடோ தீவின் சுரங்கப் பகுதிகளில் புதைபடிவங்களைத் தேடினார். அங்கு கிடைத்த கிரீத்தேசியக் காலத் தாவரங்களைப் பற்றி ஜப்பானிய அறிஞர் ஃபுஜியுடன் இணைந்து 1910 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்திலுள்ள பன்னத் தாவரப் பாறைகளின் வயது குறித்து நிலவியலாளரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. அவை கார்பனிஃபெரஸ் காலத்தைச் சேர்ந்தவை என ஸ்டோப்ஸ் 1914 இல் வெளியான ஆய்வில் நிறுவினார்.

நிலக்கரியின் அமைப்பைப் பற்றிய இவரது ஆய்வுகள் நிலைத்த பயன் தந்தவை. 1919 இல் நிலக்கரிப் பட்டைகளின் கூறுகளை விட்ரெயின், கிளாரெயின், டியூரெயின், ஃபியூசெயின் என நான்காக வகைப்படுத்தினார். கனிமங்களால் பாறை ஆவது போல நிலக்கரி எவற்றால் ஆகியுள்ளதோ அவற்றைக் குறிக்க 'மாசெரல்' என்னும் சொல்லை 1935 இல் உருவாக்கினார். இச்சொல் இன்றும் நிலக்கரி ஆய்வில் வழங்குகிறது.

முதல் திருமணம்

1911 இல் கனடாவின் மொன்றியால் நகரில், கனடியத் தாவரவியலாளரான ரெஜினால்ட் ரகிள்ஸ் கேட்ஸ் என்பவரை ஸ்டோப்ஸ் மணந்தார். இருவரும் இலண்டனில் குடியேறினர். மணத்துக்குப் பின்னும் ஸ்டோப்ஸ் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இல்வாழ்க்கை விரைவிலேயே கசந்தது. தம் திருமணத்தில் ஏதோ குறை இருப்பதை உணர்ந்தபோதும், அது என்ன என்று தமக்குத் தெரியவில்லை என்றும், பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் பல மொழி மருத்துவ நூல்களைப் படித்த பின்னரே உண்மை விளங்கியது என்றும் ஸ்டோப்ஸ் பின்னாளில் கூறினார்.

உடலுறவு நிகழாமையால் திருமணம் செல்லாது என அறிவிக்குமாறு இவர் நீதிமன்றத்தை நாடினார். மருத்துவச் சான்று முன்வைக்கப்பட்டு, திருமணம் செல்லாததாக்கப்பட்டது. கேட்ஸ் இக்குற்றச்சாட்டைப் பிற்காலத்தில் மறுத்தார். தாவரங்களின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் மனித உடலைப் பற்றி அந்த அளவுக்கு அறியாதிருந்திருக்க முடியுமா என வாழ்க்கை வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். எனினும் அக்காலச் சூழலை இங்கு கருத வேண்டும். படித்த குடும்பப் பெண்களுக்குப் பாலியல் பற்றி வீட்டிலோ பள்ளியிலோ எதுவும் கற்பிக்கப்படவில்லை. மருத்துவ நூல்கள் பொதுமக்கள் எட்டாத இடத்தில் இருந்தன. அத்தகைய நூல்களிலும் கருப்பையும் மகப்பேறும் நோய்களும் பேசப்பட்டன. பெண்ணின் விருப்பமும் இன்பமும் பெரும்பாலும் பேசப்படவில்லை.

மேரிட் லவ் நூல்

தாம் பட்ட துன்பம் பிறருக்கு நேராதிருக்க ஒரு நூல் எழுத ஸ்டோப்ஸ் முடிவு செய்தார். 1915 இல் இலண்டன் வந்திருந்த அமெரிக்கக் கருத்தடை இயக்கத் தலைவர் மார்கரெட் சாங்கரைச் சந்தித்துத் தம் கையெழுத்துப் படியைக் காட்டினார். பதிப்பகங்கள் நூலை வெளியிடத் தயங்கின. இறுதியில் ஹம்ஃப்ரி வெர்டன் ரோ என்பவர் பொருளுதவி செய்ய, 1918 மார்ச்சில் நூல் வெளியாயிற்று. ரோ தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து அவ்ரோ வானூர்தி நிறுவனத்தை நிறுவியவர். கருத்தடை நிலையம் ஒன்றைத் தொடங்க மான்செஸ்டர் மருத்துவமனை ஒன்றுக்கு அவர் முன்னரே பணம் தர முன்வந்து, மறுக்கப்பட்டிருந்தார். 1918 மே மாதத்தில் ஸ்டோப்ஸ் அவரை மணந்தார்.

மணவாழ்வின் காதல் என்று பொருள்படும் 'மேரிட் லவ்' நூல், இரண்டு வாரங்களில் 2000 படிகள் விற்றது. ஆண்டு முடிவதற்குள் பலமுறை மறுபதிப்பானது. அதன் பின்னர்ப் பல மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டுப் பல இலட்சம் படிகள் விற்பனையானது. ஐக்கிய அமெரிக்காவில் ஆபாச நூல் எனத் தடுக்கப்பட்டிருந்தது. 1931 இல் நீதிபதி ஜான் வூல்சி அது ஆபாசமானதன்று எனத் தீர்ப்பளித்த பிறகே அங்கு இறக்குமதி செய்ய வழி பிறந்தது.

நூலின் மையக் கருத்துகள் பின்வருவன:

பெண்ணுக்குப் பாலியல் விருப்பம் இயல்பாகவே உண்டு. அது கணவனின் விருப்பத்துக்குப் பதிலாக மட்டும் தோன்றுவதன்று. அதற்கெனத் தனி ஏற்ற இறக்கம் உண்டு.

மனைவியின் இசைவும் ஆயத்தமும் இன்றி உறவு கொள்ளுதல் தவறு. திருமணம் முடிந்துவிட்டது என்பதால் கணவன் காதலிப்பதை நிறுத்தலாகாது. ஒவ்வொரு முறையும் அவன் மனைவியின் மனத்தைப் பெற வேண்டும்.

பாலின்ப உச்சநிலை பெண்ணுக்கும் உண்டு. அதை அடைய அவளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படலாம். குளிர்ந்த இயல்புடையவர் எனப் பழிக்கப்படும் மனைவியர் பலர் உண்மையில் கணவரின் அறியாமையால் நிறைவு பெறாதவர்களே.

இக்கருத்துகளுள் சில, பிற்கால அறிவியலின் சோதனையில் நிலைத்தன, சில நிலைக்கவில்லை. பெண்ணின் விருப்பம் மாதவிடாய்ச் சுழற்சியில் இருமுறை, அதாவது மாதவிடாய்க்குச் சற்று முன்பும் சுழற்சியின் நடுவிலும், உயர்கிறது என ஸ்டோப்ஸ் வரைபடங்கள் மூலம் விளக்கினார். தம் சொந்தக் குறிப்புகளையும் பிற பெண்களிடம் கேட்டறிந்தவற்றையும் இதற்கு அடிப்படையாகக் கொண்டார். சூல்முட்டை வெளிப்படும் காலத்தை ஒகினோவும் நாஸும் 1920களில் தெளிவுபடுத்துவதற்கு முன் எழுதப்பட்ட கருத்து இது. சூல்முட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டி விருப்பம் உயர்வதைப் பிற்கால ஆய்வுகள் பலவற்றில் காண முடிகிறது. ஆயினும் பெண்ணுக்குப் பெண் இது பெரிதும் வேறுபடுகிறது. அனைவருக்கும் பொதுவான இரட்டை அலை உறுதிப்படவில்லை. விந்துவிலுள்ள பொருட்களை உடல் உறிஞ்சுவது பெண்ணின் நலத்துக்கு இன்றியமையாதது என ஸ்டோப்ஸ் நம்பினார். அதனால் ஆணுறையையும், விந்து வெளிப்படுமுன் விலகும் முறையையும் எதிர்த்தார். இந்நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

நூல் முழுவதும் திருமணமான ஆண், பெண் உறவை மட்டுமே கருத்தில் கொண்டது. திருமணமாகாத பெண்களுக்கும், தன்பாலீர்ப்பு உடையோருக்கும் அதில் இடமில்லை.

வாசகர் கடிதங்கள்

நூல் வெளியான நாள் முதல் ஆயிரக்கணக்கான கடிதங்கள் ஸ்டோப்ஸுக்கு வந்தன. அடுத்தடுத்த பேறுகளால் உடல் நலிந்த தாய்மார், இன்னொரு கருவைத் தாங்க முடியாது என மருத்துவர் எச்சரித்தும் அதைத் தடுக்கும் வழியைச் சொல்லாமல் விட்டதைப் பற்றி எழுதினர். உடலுறவின்போது ஏற்படும் வலி, மணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் இன்பம் அறியாமை, தம் விருப்பம் நோயோ பாவமோ என்னும் அச்சம் ஆகியவை பற்றியும் பெண்கள் எழுதினர். ஆண்களும் பெருமளவில் எழுதினர். ஸ்டோப்ஸ் மருத்துவர் அல்லர். எனினும் மருத்துவரிடம் கேட்கக் கூசியவற்றை மக்கள் இவரிடம் கேட்டனர். இலண்டனில் பாதுகாக்கப்படும் இக்கடிதங்கள், எளிய மக்களின் அந்தரங்க வாழ்க்கையை அறிய உதவும் அரிய வரலாற்றுச் சான்றுகளாக உள்ளன.

நூலில் கருத்தடை குறித்துச் சிறிதளவே கூறப்பட்டிருந்தது. கடிதங்களில் அதுவே பெரிதும் கேட்கப்பட்டதால், 1918 இலேயே 'வைஸ் பேரன்ட்ஹூட்' என்னும் கருத்தடைக் கையேட்டை வெளியிட்டார். 1919 இல் உழைக்கும் தாய்மாருக்கான சிறு வெளியீடு ஒன்றையும் எழுதினார். அதே ஆண்டில் இவரது முதல் குழந்தை இறந்தே பிறந்தது. 1924 இல் ஹாரி என்னும் மகன் பிறந்தார்.

தாய்மார் மருத்துவ நிலையம்

கருத்தடை பற்றி வெளிப்படையாகப் பேசுவது அக்காலத்தில் இடர் மிகுந்ததாக இருந்தது. கருத்தடை முறைகளை விளக்கும் நூலொன்றை மறுபதிப்புச் செய்ததற்காக, பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட் அம்மையார், சார்லஸ் பிராட்லாவுடன் 1877 இல் வழக்கைச் சந்தித்தார். அதன் பின்னர்த் தம் மகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தார். மார்கரெட் சாங்கர் 1916 இல் நியூயார்க்கில் தொடங்கிய நிலையத்தைக் காவல்துறை பத்தே நாட்களில் மூடியது. பிரித்தானியாவில் கருத்தடை சட்டப்படி குற்றமன்று. ஆயினும் அரசு மகப்பேற்று நிலையங்கள் அதைக் கற்பிக்கவில்லை. வசதி படைத்தோர் தனியார் மருத்துவரிடம் கேட்டறிந்தனர். ஏழைப் பெண்களுக்கு அவ்வழி இல்லை. அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 1000 பிறப்புகளுக்கு 4 தாய்மார் இறந்தனர்.

1921 மார்ச் 17 அன்று, வடக்கு இலண்டனில் உழைக்கும் மக்கள் வாழ்ந்த ஹாலோவே பகுதியில், மார்ல்பரோ சாலையில் ஸ்டோப்ஸும் ரோவும் தாய்மார் மருத்துவ நிலையத்தைத் திறந்தனர். திருமணமான பெண்களுக்கு அங்கு இலவசமாக ஆலோசனை வழங்கப்பட்டது. பெண்கள் அச்சமின்றிப் பேசுவதற்காக, பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளே அவர்களை முதலில் சந்தித்தனர். தேவைப்பட்டால் பெண் மருத்துவரிடம் அனுப்பினர். கருப்பையின் வாயை மூடும் சிறிய இரப்பர் மூடியைப் பொருத்திக்கொள்ளும் முறையே முதன்மையாகக் கற்பிக்கப்பட்டது. பெண் தானே பொருத்தவும் அகற்றவும் கூடியது அது. கணவனின் ஒத்துழைப்பை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கருத்தரிக்கும் அச்சம் நீங்கினாலன்றி மனைவிக்கு உறவில் இன்பம் இல்லை என்பதால், கருத்தடையையும் பாலின்பத்தையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாக இவர் கருதினார். கருக்கலைப்பை இவர் வெளிப்படையாக எதிர்த்தார்.

நிலையம் 1925 இல் மத்திய இலண்டனின் விட்ஃபீல்டு தெருவுக்கு மாறியது. அங்கு வந்த முதல் 5000 பெண்களைப் பற்றிய அறிக்கை அவ்வாண்டிலேயே வெளியிடப்பட்டது. பிற ஊர்களுக்குச் செல்ல நகரும் வண்டி நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பிராட்ஃபோர்டில் எதிர்ப்பாளர் ஒருவரால் எரிக்கப்பட்டது. 1930களில் லீட்ஸ், அபர்தீன், பெல்பாஸ்ட், கார்டிஃப் ஆகிய நகரங்களில் கிளைகள் திறக்கப்பட்டன.

அவதூறு வழக்கு

கத்தோலிக்க மருத்துவரான ஹாலிடே சதர்லேண்ட் 1922 இல் எழுதிய நூலில், ஸ்டோப்ஸ் ஏழைப் பெண்களைச் சோதனைப் பொருளாகப் பயன்படுத்துவதாகக் குற்றம் சாட்டினார். ஸ்டோப்ஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1923 இல் நடந்த விசாரணையில் ஜூரியின் முடிவு தெளிவற்றதாக அமைந்தது. நீதிபதி சதர்லேண்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி ஸ்டோப்ஸுக்கு 100 பவுண்டு இழப்பீடு வழங்கியது. 1924 நவம்பரில் பிரபுக்கள் அவை மீண்டும் சதர்லேண்டுக்குச் சார்பாக இறுதித் தீர்ப்பு அளித்தது. ஸ்டோப்ஸ் வழக்கில் தோற்றார். ஆனால் நாளிதழ்கள் வழக்கை நாள்தோறும் விரிவாக வெளியிட்டதால், கருத்தடை என்னும் சொல்லே அச்சேறாத வீடுகளிலும் அது பேசுபொருளாயிற்று.

அக்காலத்திலேயே இலண்டனின் எட்மண்டன் பகுதியில், தாய்மார் சிலருக்கு ஸ்டோப்ஸின் நிலைய முகவரியைக் கொடுத்ததற்காகச் செவிலியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். தகவல் தருவதே தண்டனைக்குரிய செயலாக இருந்ததற்கு இது சான்று. 1930 இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் லாம்பெத் மாநாடு சில சூழல்களில் கருத்தடையை ஏற்றது. அவ்வாண்டிலேயே நலவாழ்வு அமைச்சகமும், கருவுற்றால் உடல்நலம் கெடக்கூடிய திருமணமான பெண்களுக்கு உள்ளாட்சி நிலையங்கள் ஆலோசனை வழங்கலாம் என அனுமதித்தது.

பிற்கால நூல்கள்

1928 இல் வெளியான 'என்டூரிங் பேஷன்' நூலில், விரைவாக விந்து வெளிப்படுதல், மனைவியின் விருப்பம் கணவனுடையதைவிட மிகுந்திருத்தல் போன்ற நீண்ட மணவாழ்க்கையின் சிக்கல்களை ஆராய்ந்தார். 1936 இல் ஆண், பெண் இருபாலரின் நடுவயது மாற்றங்கள் பற்றி எழுதிய நூலில், மாதவிடாய் நிற்பதோடு பெண்ணின் பாலியல் வாழ்வு முடிவதில்லை என வலியுறுத்தினார். கருத்தடையின் வரலாற்றையும் முறைகளையும் விரிவாகக் கூறும் நூலை 1923 இல் மருத்துவர்களுக்காக எழுதியிருந்தார். நாடகங்களும் கவிதைகளும் படைத்தார்.

இனமேம்பாட்டியலும் கண்டனங்களும்

தகுதியுடையோர் மட்டும் பிள்ளை பெற்றால் மனித இனம் மேம்படும் என்னும் இனமேம்பாட்டியல் கொள்கையை ஸ்டோப்ஸ் உறுதியாக ஏற்றிருந்தார். 1921 இல் தாம் நிறுவிய சங்கத்தின் பெயரிலேயே இன முன்னேற்றம் என்பதைச் சேர்த்தார். தகுதியற்றோர் எனத் தாம் கருதியவர்களுக்குக் கட்டாய மலடாக்கம் செய்யச் சட்டம் வேண்டும் எனவும் வாதிட்டார். 1935 இல் நாட்சி ஆட்சியின்கீழ் பெர்லினில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் கலந்துகொண்டார். 1939 ஆகஸ்டில் தம் கவிதை நூலை இட்லருக்கு அனுப்பினார்.

இக்கொள்கை இவரது குடும்பத்தையும் பாதித்தது. மகன் ஹாரி, பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸின் மகளை மணக்க விரும்பியபோது, அப்பெண் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் என்பதால், அக்குறை பேரப்பிள்ளைகளுக்கும் வரும் என எதிர்த்தார். 1948 இல் அத்திருமணம் நடந்தது. மகனுடன் உறவு முறிந்தது. தம் சொத்தின் பெரும்பகுதியை அவருக்கு அளிக்கவில்லை.

தன் உடலைப் பற்றிப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்பது 'மேரிட் லவ்' நூலின் அடிப்படை. யார் தாயாகலாம் என்பதை அரசு முடிவு செய்யலாம் என்பது இனமேம்பாட்டியலின் அடிப்படை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஸ்டோப்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் இரண்டையும் ஒருசேரப் பற்றியிருந்தார்.

மறைவும் மதிப்பீடும்

பிற அமைப்புகளோடு இணங்கிப் பணியாற்றும் இயல்பு இவரிடம் குறைவு. கருத்தடை அமைப்புகள் 1930 இல் ஒன்றிணைந்து, பின்னர்க் குடும்பநலத் திட்டச் சங்கமாக வளர்ந்தன. ஸ்டோப்ஸ் அவற்றிலிருந்து விலகி நின்றார். கணவர் ரோ 1949 இல் காலமானார். மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஸ்டோப்ஸ், 1958 அக்டோபர் 2 அன்று சர்ரே மாவட்டம் டார்க்கிங் அருகிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். அவரது சாம்பல் போர்ட்லண்ட் கடற்பகுதியில் தூவப்பட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணநிலையைக் கருதாமல் கருத்தடை ஆலோசனை வழங்க 1967 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1974 முதல் தேசிய நலவாழ்வுச் சேவை அதை இலவசமாக வழங்கியது. 1976 இல் விட்ஃபீல்டு தெரு நிலையத்தை அடிப்படையாகக் கொண்டு, இவர் பெயரில் பன்னாட்டு அமைப்பொன்று உருவானது. 2008 இல் பிரித்தானிய அஞ்சல்துறை இவரது உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டபோது, இவரது இனமேம்பாட்டுக் கருத்துகளைச் சுட்டிப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதே காரணத்தால் மேற்கூறிய பன்னாட்டு அமைப்பும் 2020 நவம்பரில் தன் பெயரிலிருந்து ஸ்டோப்ஸின் பெயரை நீக்கியது.